முழங்காலளவு கடல்: பாசையூரிலிருந்து பண்ணை வரை

யாழ்ப்பாண நகரத்துக்குக் கடல் இருக்கிறது என்பது நகரத்துக்குள் நிற்பவருக்குத் தெரியாது. பஸ் நிலையம், கஸ்தூரியார் வீதி, நகைக்கடைகள், பெரியாஸ்பத்திரி என்று சுற்றி, நல்லூருக்கும் போய்க் கும்பிட்டுவிட்டு, கடலைக் கண்ணால் காணாமலே ஊர் திரும்பிவிடலாம். பலர் அப்படித்தான் திரும்புகிறார்கள். பெரியாஸ்பத்திரியிலிருந்து தெற்கே இருபது நிமிடம் நடந்தால் காற்றின் மணம் மாறும். வலை காயும் மணம், கருவாட்டு மணம், கரையில் ஒதுங்கி அழுகும் கடற்செடியான சாதாளையின் மணம். அங்கேதான் பாசையூர், குருநகர், பண்ணை என்று வரிசையாகக் கரை நீள்கிறது. கிழக்கே கொழும்புத்துறையையும் சேர்த்துக்கொண்டால் முழுத்தூரமும் நாலைந்து கிலோமீற்றர்.

இந்தக் கடலைப் பற்றி ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: இது ஆழமில்லாத கடல். பெரும்பாலான இடங்களில் இரண்டு மீற்றருக்குக் குறைவு. தண்ணீர் வற்றும் வத்து நேரத்தில் கரையிலிருந்து வெகுதூரம் வரை முழங்காலளவில் நடந்தே போகலாம். வத்துக்கும் பெருக்குக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மீற்றர்கூட வராது. தண்ணீரை ஏற்றி இறக்குவதில் நிலவுக்கு இருக்கும் பங்குக்குக் குறையாத பங்கு காற்றுக்கும் உண்டு. இந்தக் கரையின் படகு, வலை, சாப்பாடு, கோட்டை, சண்டை எல்லாவற்றையும் விளங்கிக்கொள்ள இந்த ஒரு விஷயம் போதும். பெரிய கப்பல் இங்கே வரவே முடியாது. அதனால்தான் கப்பல் வியாபாரம் ஊர்காவற்றுறைக்கும் காங்கேசன்துறைக்கும் போனது. இங்கே தோணியும் வள்ளமும் தங்கின.

விடிகாலையில் கிழக்கே பாசையூரில் தொடங்கி, பொழுதுபடப் பண்ணையில் முடிப்பதுதான் சரியான ஒழுங்கு. சந்தை காலையில், சூரியன் மறைவது பண்ணைப் பக்கம். தலைகீழாகப் போனால் இரண்டும் தவறும்.

பாசையூருக்கு ஐந்தரை மணிக்குப் போய்ச் சேருங்கள். ஆறரை என்றால் நல்லது பாதி போயிருக்கும். எட்டு மணிக்குப் போனால் கழுவிவிட்ட சீமெந்துத் தரைதான். பஸ்ஸை நம்ப வேண்டாம். நகரிலிருந்து ஓட்டோ பத்து நிமிடத்துக்குள் கொண்டுபோய் விடும். சைக்கிள் கிடைத்தால் அதைவிடச் சிறப்பு, ஏனெனில் குருநகர் ஒழுங்கைகளுக்குள் ஓட்டோ திரும்பவே கஷ்டப்படும். ஞாயிறு போக வேண்டாம். இது கத்தோலிக்கக் கரை. சனி இரவு தொழிலுக்குப் போகிறவர்கள் குறைவு, அதனால் ஞாயிறு காலையில் மீனும் குறைவு. பெரிய வெள்ளியன்று கரையே அசையாது. பாசையூர் அந்தோனியார் கோவில் பெருநாள் ஜூன் 13 ஆம் திகதி. அதை ஒட்டிய நாட்களில் போனால் மீனைவிடச் சனத்தைத்தான் பார்க்கலாம். அதுவும் பார்க்க வேண்டியதுதான்.

சந்தையில் இரண்டு விதமான விற்பனை நடக்கும். படகிலிருந்து இறங்கியது முதலில் ஏலத்துக்குப் போகும். அது மொத்த வியாபாரிக்கானது. குரல் வேகமாக ஏறும், புதியவர் இடையில் புகுந்தால் முறைப்பார்கள். ஏலத்தில் எடுத்ததைக் கூறு கூறாகப் பிரித்து வைத்திருப்பார்கள். நமக்கு அதுதான். “அக்கா, இந்தக் கூறு என்ன மாதிரி?” என்று கேட்டால் போதும். ஒரு கூற்றில் பெரும்பாலும் கலப்பு மீன்தான் இருக்கும்: இரண்டு திரளி, நாலு ஓரா, ஒரு கைப்பிடி சின்ன மீன். குழம்புக்கு இந்தக் கலப்புத்தான் ருசி. ஒரே இன மீனாக வாங்க நினைப்பவர் கிலோக் கணக்கில் நிறுக்கும் இடத்துக்குப் போகவேண்டும், விலையும் கூட.

ஓராவைக் கையால் துழாவாதீர்கள். அதன் முதுகுச் செட்டை முள்ளில் விஷம் உண்டு. குத்தினால் உயிருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் கை மணிக்கணக்கில் கடுக்கும். குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய சூட்டில் சுடுதண்ணீருக்குள் வைத்தால் கடுப்பு இறங்கும், சூடு அந்த நஞ்சைக் குலைத்துவிடும் என்பதால். சந்தையில் வெட்டித் தருகிறவர்கள் முதலில் செட்டையைத்தான் அரிவார்கள். பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் கேட்கத் தேவையில்லை.

நண்டுதான் இந்தக் கரையின் பெயரைக் கொழும்புக்கும் அதற்கு அப்பாலும் கொண்டுபோகிறது. நீல நண்டு. ஆணுக்குக் கால்கள் நீளம், நீலம் பளிச்சென்று இருக்கும். பெண் கொஞ்சம் மண்நிறம். சந்தேகம் என்றால் புரட்டி வயிற்றைப் பாருங்கள்: ஆணின் மடிப்பு ஒடுங்கிக் கூராக இருக்கும், பெண்ணினது அகன்று வட்டமாக. பெண்ணின் அடியில் செம்மஞ்சளாகவோ கறுப்பாகவோ முட்டைத் திரள் ஒட்டியிருந்தால் அது சினை நண்டு. அதை வாங்காமல் விடுங்கள். நாலு பேர் வாங்காமல் விட்டால் பிடிக்கிறவரும் அடுத்த முறை கடலிலேயே விட்டுவிட்டு வருவார்.

நண்டு வாங்குவதில் ஏமாறுவது நிறையில் அல்ல, சதையில். ஓடு மாற்றி அதிக நாளாகாத நண்டு பார்வைக்குப் பெரிதாக, புத்தம்புதிதாக, பாசி படாமல் மினுங்கும். ஆனால் உள்ளே தண்ணீர். அடிப்பக்கத்தை, கால்கள் தொடங்கும் இடத்துக்குக் கிட்ட, பெருவிரலால் அமத்திப் பாருங்கள். உள்ளே போனால் வேண்டாம். கல்லுப்போல நின்றால் எடுங்கள். ஒரே அளவான இரண்டு நண்டைக் கையில் ஏந்தினால் பாரமானது எது என்று கையே சொல்லும். ஓட்டில் கொஞ்சம் அழுக்கு, சின்னச் சிப்பி ஒட்டியிருப்பது நல்ல அடையாளம்; அது ஓடு மாற்றி நாளாகிவிட்டது என்பதற்குச் சாட்சி. நிலவு காலத்து நண்டு கோது, இருட்டு காலத்து நண்டு கொழுப்பு என்று கரையில் சொல்வார்கள். அதை வேதவாக்காக எடுக்கத் தேவையில்லை. பெருவிரல் சோதனை எந்த நிலவிலும் பிழைக்காது.

கால் உடைந்த நண்டுக்கு ஏன் விலை குறைவு என்று கேட்டால் வலைக்கு வர வேண்டும். நண்டு வலை நாலங்குலத்துக்கு மேற்பட்ட கண் உள்ளது. மேலே மிதப்பு, அடியில் ஈயம். பின்னேரம் கொண்டுபோய் அடியோடு படியும்படி விட்டுவிட்டு, விடியுமுன் போய் எடுப்பார்கள். நண்டு இரவில் நடமாடும்; வலையில் தட்டுப்பட்டால் பின்வாங்காமல் காலையும் கவ்வையும் போட்டுச் சிக்கிக்கொள்ளும். ஒரு நண்டைக் கழற்ற நிதானம் வேண்டும்: முதலில் கவ்வு, பிறகு பின்னங்காலின் துடுப்பு, கடைசியில் ஓட்டின் இரண்டு பக்க முள். இழுத்தால் கால் கழன்றுவிடும், வலையும் கிழியும். ஏற்றுமதிக்கு எடுக்கிறவர்கள் முழு நண்டையே விரும்புவார்கள், உடைந்தது உள்ளூர்க் கறிக்குப் போகும். நமக்கு அது இலாபம். ருசியில் ஒரு குறையும் இல்லை.

சந்தை கலைந்ததும் கரையோரமாக மேற்கே நடக்கலாம். படகுகள் அநேகமாகப் பதினெட்டடி கண்ணாடியிழைப் படகுகள், பின்னால் வெளியிணைப்பு இயந்திரம். அதற்கிடையில் மரக்கோல் தாங்கிப் போகும் சின்ன வள்ளங்கள் இன்னும் இருக்கின்றன. வறுமையால் மட்டும் அவை தங்கியிருக்கவில்லை. முழங்காலளவு தண்ணீரில் இயந்திரம் எதிரி. காத்தாடியில் சாதாளை சுற்றும், குளிர்த்தும் தண்ணீர் இழுக்கும் துளையைச் சேறு அடைக்கும், இயந்திரம் சூடேறி நிற்கும். அதனால் கரைக்குக் கிட்ட வந்ததும் இயந்திரத்தைத் தூக்கி வைத்துவிட்டுக் கோலால் தாங்கி வருவதைக் காணலாம். இறங்குதுறைக்கு முன்னால் படகு ஏன் திடீரென்று ஓசையடங்குகிறது என்று புதியவர்கள் யோசிப்பார்கள். காரணம் இதுதான்.

கடலுக்குள் வரிசையாக நிற்கும் தடிகளைப் பார்ப்பீர்கள். அது சிறகுவலை. கரையிலிருந்து ஆழத்தை நோக்கித் தடி ஊன்றி, வேலிபோல வலை கட்டி, அந்த வேலி போய்ச் சேரும் இடத்தில் கூடுபோன்ற ஓர் அடைப்பு. மீனும் இறாலும் கரையோரமாக மேய்ந்து வரும். வேலி தட்டினால் ஆழத்தைத் தேடித் திரும்பும். திரும்பிய வழி கூட்டுக்குள் கொண்டுபோய் விடும். உள்ளே போன வாய் வெளியே வரும்போது தெரியாதபடி வளைத்துக் கட்டுவதில்தான் கைப்பழக்கம். தூண்டில் இல்லை, இரை இல்லை, எரிபொருள் மிகக் குறைவு. விடியக் கூட்டை வழித்தெடுத்தால் சரி.

இந்த வலையைப் பற்றி இரண்டு கதை உண்டு. பாரம்பரியத் தொழில் என்பார்கள் கட்டுகிறவர்கள். கண் சிறியதாகிவிட்டது, குஞ்சையெல்லாம் வழித்தெடுக்கிறது, மற்றவர்களின் படகுப் பாதையை மறிக்கிறது என்பார்கள் நண்டு வலைக்காரர். இரண்டும் உண்மை. வலையின் அமைப்பில் பிழையில்லை; எண்ணிக்கையிலும் கண்ணளவிலும்தான் பிழை. ஒற்றை நைலோன் இழையால் ஆன தங்கூசி வலைக்கு நாட்டில் தடை இருந்தும் அது முற்றாக ஒழிந்தபாடில்லை. அறுந்து கடலில் கிடந்தால் உக்காது. கிடக்கும் காலமெல்லாம் ஆளில்லாமலே மீனைக் கொல்லும். இப்போது இவற்றோடு கடலட்டைப் பண்ணைகளும் சேர்ந்திருக்கின்றன. வலை வேலி போட்டு அடைத்த சதுரங்கள் அவை. வருமானம் நல்லது, ஆனால் பொதுக் கடலில் வேலி விழுந்தால் யாரோ ஒருவருடைய தொழில் இடம் போகிறது. ஆழமில்லாத கடலை வயல்போலப் பங்கு பிரிக்கலாம் என்பதால்தான் இந்தச் சண்டையே வருகிறது.

கரையில் வலை பொத்திக்கொண்டிருப்பவர்களோடு கதைக்கலாம், ஆனால் விரித்த வலையை மிதித்துக் கடக்கக் கூடாது. சுற்றிப் போங்கள். படம் எடுக்குமுன், “அண்ணை, ஒரு படம் எடுக்கலாமோ?” என்று கேளுங்கள். மாட்டேன் என்று சொல்பவர் அரிது. கேட்காமல் எடுத்தால் கோபிப்பவர் பலர். இந்தக் கரையில் நெடுங்காலம் படம் எடுத்தவர்களும் பெயர் பதிந்தவர்களும் நல்லதுக்கு வரவில்லை. போர்க்காலத்தில் தொழிலுக்குப் போக அனுமதி அட்டை, நேரக் கட்டுப்பாடு, தூரக் கட்டுப்பாடு என்று வாழ்ந்த ஊர்.

கொழும்புத்துறையைப் பார்க்க விரும்புகிறவர்கள் பாசையூரிலிருந்து கிழக்கே திரும்பிப் போய்வர வேண்டும். கடனீரேரியை, அதாவது இந்த ஆழமில்லாத கடலை, கடந்து பூநகரிப் பக்கம் போவதற்கான பழைய துறை இது. கொழும்புக்குப் போகிறவர்கள் ஏறிய துறை என்பதால் வந்த பெயர் என்று சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவே. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு பூநகரிக்குப் போகத் தோணி தேவையில்லை. சைவத் துறவி யோகர் சுவாமி பல காலம் இருந்த குடில் கொழும்புத்துறையில்தான். 1964 இல் சமாதியடைந்தவர். நேரமில்லை என்றால் இந்தப் பக்கத்தை விட்டுவிடலாம்.

குருநகர் என்பது பிறகு வந்த பெயர். முன்னைய பெயர் கரையூர். வயதானவர்கள் வாயில் இன்னும் அப்படித்தான் வரும். ஊரின் நடுவே புனித யாகப்பர் ஆலயம். பெருநாள் ஜூலை 25. கடலில் நின்று கரை தேடுகிறவனுக்குக் கோபுரம்தான் அடையாளம் என்பதால் இந்தக் கரையின் கோவில்கள் எல்லாம் உயரமாக இருக்கின்றன. 1993 நவம்பரில் விமானம் போட்ட குண்டு இந்த ஆலயத்தில் விழுந்து ஆட்கள் இறந்தார்கள். திரும்பக் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். அதற்கு முன், 1986 ஜூன் 10 ஆம் திகதி, மண்டைதீவுக் கடலில் தொழிலுக்குப் போயிருந்த முப்பதுக்கு மேற்பட்ட குருநகர்க்காரர் கொல்லப்பட்டார்கள். இங்கே கதைக்கும்போது “அந்த ஜூன்” என்றால் அதுதான். கரையிலிருந்து பார்த்தால் மண்டைதீவு எதிரே, கிட்டத்தில் தெரியும். அவ்வளவு கிட்ட. ஆலயத்துக்குள் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்கால் மறையும் உடுப்போடு போங்கள்.

கரைக்குக் கிட்ட உயர்ந்து நிற்பவை குருநகர் ஐந்துமாடிக் குடியிருப்புகள். யாழ்ப்பாணத்தில் வேலியும் வளவும் கிணறும் இல்லாத வீடு என்றால் வீடே இல்லை என்று நினைப்பவர்கள்தான் அநேகர்; இங்கே அந்த நினைப்பு எடுபடாது. நிலம் குறைவு, ஆட்கள் கூட, கடலை விட்டுத் தூரப் போகவும் முடியாது. ஆகவே மேலே மேலே அடுக்கியிருக்கிறார்கள். மாடி விறாந்தையில் உடுப்போடு வலையும் காயும். ஊரைப் பற்றி நகரத்தார் சொல்லும் கதைகளில் பாதி, பக்கத்தில் வந்து பார்க்காதவர்களின் கதை. சண்டித்தனமான ஊர் என்பார்கள். குரல் உயர்த்திக் கதைப்பார்கள், அது உண்மை. இயந்திரச் சத்தத்துக்கும் காற்றுக்கும் மேலாகக் கதைத்துப் பழகிய தொண்டை.

அந்தத் தொண்டை கூத்துக்கும் உதவுகிறது. கத்தோலிக்க நாட்டுக்கூத்து உயிரோடு இருக்கும் இடங்களில் குருநகரும் பாசையூரும் முக்கியமானவை. ஒலிவாங்கி இல்லாத காலத்தில் விடிய விடியப் பாடி ஆடிய, கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் வழி. பகலில் வலை, இரவில் ஒத்திகை. புனிதர் கதைகளும் அரசர் கதைகளும். பெருநாள் காலத்தில் வந்தால் ஒன்று பார்க்க வாய்க்கலாம். மற்ற நாட்களில் பிரதான வீதியிலுள்ள திருமறைக் கலாமன்றத்தில் விசாரித்துப் பார்க்கலாம். மரியசேவியர் அடிகள் 1965 இல் தொடங்கிய அமைப்பு அது.

தொழிலைப் பெரிதாக்கும் முயற்சிகளும் இந்த ஊரைத் தொட்டுத்தான் போயின. நோர்வே உதவியோடு வந்த சீநோர் நிறுவனம் காரைநகரில் படகு கட்டியது, குருநகரில் வலை நெய்தது. குருநகருக்கென்று இழுவைப்படகுகளும் இருந்தன. கடலடியை வழித்துப்போகும் அடிமடி இழுவைக்கு 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் தடை போட்டது. எல்லை தாண்டி வரும் தமிழகத்து இழுவைப்படகுகளை எதிர்க்கும் கரை, சொந்த இழுவைப்படகை என்ன செய்வது என்ற கேள்வியிலும் சிக்கிக்கொண்டது. இரண்டு பக்கத்தாரும் ஒரே பாஷையில் ஏசிக்கொள்ளும் சண்டை என்பதுதான் இதில் மனம் கசக்கும் இடம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூழ். கடைகளிலும் கிடைக்கிறது, ஆனால் கடைக்கூழ் பெரும்பாலும் தடிப்பும் உறைப்பும் மட்டும்தான். தங்குமிடத்தில் அடுப்பு இருந்தால் காலையில் வாங்கியதை வைத்து நீங்களே காய்ச்சலாம். எட்டுப் பேருக்குக் கணக்கு இது: ஒடியல் மா கால் கிலோ, கலப்பு மீன் அரைக் கிலோ, நண்டு அரைக் கிலோ, இறால் கால் கிலோ, மரவள்ளிக்கிழங்கு கால் கிலோ, பலாக்கொட்டை இருபது, பயித்தங்காய் பத்து, ஒரு பிடி அரிசி, ஒரு பிடி முருங்கையிலை, செத்தல்மிளகாய் பதினைந்து, தேசிக்காயளவில் இரண்டு உருண்டை பழப்புளி, மஞ்சள், உப்பு, தண்ணீர் மூன்றரை லீற்றர். ஒடியல் மா என்று கேட்டு வாங்க வேண்டும். பனங்கிழங்கைப் பச்சையாகப் பிளந்து காயவைத்தது ஒடியல். அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல். புழுக்கொடியல் மாவில் கூழ் அந்த ருசிக்கு வராது.

மாவை நிறையத் தண்ணீரில் இரண்டு மூன்று மணித்தியாலம் ஊறவையுங்கள். மா அடியில் படிந்ததும் மேல்தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டு இன்னொரு தடவை. இதைச் சோம்பலில் விட்டால் கூழ் கசக்கும், பிறகு எந்தப் புளியாலும் திருத்த முடியாது. பானையில் தண்ணீர் கொதித்ததும் அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயித்தங்காய். இவை அவிந்த பிறகுதான் நண்டும் மீன்தலையும். பிறகு மீன் துண்டு, கடைசியில் இறால். மிளகாயை மஞ்சளோடு அரைத்துப் புளியில் கரைத்து வைத்திருங்கள். கிழங்கு நன்றாக அவியும் வரை அதை விடக் கூடாது. புளி முந்தினால் கிழங்கும் கொட்டையும் எவ்வளவு எரித்தாலும் நறுக் நறுக்கென்றே நிற்கும். புளிக்கரைசல் விட்டுக் கொதித்ததும் அடுப்பைத் தணித்து, ஊறிய மாவை நன்றாகக் கரைத்து, ஒருவர் ஊற்ற ஒருவர் துழாவ வேண்டும். தனியாகச் செய்து, கொதிக்கும் பானையில் தடித்த மாவைக் கொட்டினால் கட்டி விழும். பத்து நிமிடம் மெல்லிய நெருப்பில் விட்டு, கீரையைப் போட்டு இறக்குங்கள். ஆறும்போது இறுகும் என்பதால், போதிய தடிப்பு வருமுன்னரே, கொஞ்சம் தண்ணியாக இறக்க வேண்டும். முள் மெல்லிய மீனைக் கூழுக்குப் போட்டுவிட்டுக் குடிக்கிறவர் தொண்டையைச் சோதிக்காதீர்கள். பனையோலைப் பிளாவில் சூடாகக் குடிப்பதுதான் முறை. எவர்சில்வர் கோப்பையில் அதே கூழ் ஏனோ அரைவாசி ருசிதான்.

வெயில் தாழ்ந்ததும் மேற்கே. குருநகருக்கும் கோட்டைக்கும் இடையில் பாங்சால் வீதி என்று ஒரு பெயர்ப்பலகை காண்பீர்கள். கரையோரப் பண்டகசாலையைக் குறிக்கும் பழைய சொல் அது. அரிசியும் புகையிலையும் துணியும் இறங்கி ஏறிய காலத்தின் மிச்சம் அந்தப் பெயர்ப்பலகை ஒன்றுதான்.

கோட்டையை ஏன் இங்கே கட்டினார்கள் என்ற கேள்விக்கும் விடை ஆழமில்லாத கடலில் இருக்கிறது. பெரிய போர்க்கப்பல் கிட்ட வந்து பீரங்கி அடிக்க முடியாது. ஆனால் சின்னப் படகில் உணவும் ஆளும் கொண்டுவரலாம். 1619 இல் பிலிப் டி ஒலிவேரா யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு போத்துக்கீசர் சதுரக் கோட்டை கட்டினார்கள். 1658 இல் ஒல்லாந்தர் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டுப் பிடித்து, அதை ஐங்கோணமாக மாற்றினார்கள். உட்கோட்டை 1680 இல் முடிந்தது. வெளி அரண்கள் முடிய 1792 ஆனது. மூன்றே வருடத்தில், 1795 இல், சண்டையில்லாமல் ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இவ்வளவு வேலைப்பாட்டுக்கு இவ்வளவு சின்ன முடிவு. கோட்டைக்குள் 1706 இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் இருந்தது, போரில் அழிந்தது. 1990 இல் புலிகளின் முற்றுகையில் உள்ளே இருந்த இராணுவம் செப்ரெம்பரில் மண்டைதீவு வழியாகக் கடலால்தான் வெளியேறியது. முந்நூறு வருடம் கழித்தும் கோட்டையின் மூச்சு அந்த ஆழமில்லாத தண்ணீரால்தான் போய்வந்தது.

மதிலில் கையை வைத்துப் பாருங்கள். முருகைக்கல். கடலிலிருந்து வெட்டியெடுத்த கல். உள்ளே பவளப் பூச்சி கட்டிய கண்ணறைகள் அப்படியே தெரியும். பழைய கல்லுக்கும் திருத்த வேலையில் வைத்த புதுக் கல்லுக்கும் நிறம் வேறு, கரடும் வேறு. வெயில் சரியும் நேரத்தில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். மதில் ஓரங்களில் தடுப்பு எல்லா இடத்திலும் இல்லை. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கோட்டைக்கு வெளியே முனியப்பர் கோவில், அப்பால் பொது நூலகம். 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்டபோது உள்ளே தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் இருந்தன. இன்றைய வெள்ளைக் கட்டடத்துக்குள் போக விரும்புபவர்கள் முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். வாசகர் அல்லாதவர்களுக்கு எல்லா நேரமும் அனுமதி இருக்காது.

பண்ணைப் பாலத்தடிக்கு ஐந்தரைக்குள் வந்துவிட வேண்டும். தீவகத்துக்குப் போகும் வீதி இங்கேதான் கடலுக்குள் இறங்குகிறது. படகுத்துறையான குறிகட்டுவானுக்குப் போகும் பஸ்களும் இதன் வழியே ஓடும். சோளகக் காலத்தில், வைகாசியிலிருந்து புரட்டாசி வரை, தென்மேல் காற்று இந்தக் கரையை நேரே அறையும். தண்ணீர் கலங்கும், சாதாளை குவியும், சைக்கிளில் மண்டைதீவுப் பக்கம் போகிறவர் பாதி வழியில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். திரும்பும்போது மிதிக்கவே தேவையில்லை. ஐப்பசி தொடங்கினால் மழை. மார்கழிக்குப் பிறகு காற்று தணிந்து, தண்ணீர் தெளிந்து, மண்டைதீவுச் சதுப்பில் பூநாரைகள் வந்திறங்கும்; தையும் மாசியும்தான் இந்தப் பக்கம் வரச் சிறந்த மாதங்கள். பங்குனி நடுப்பகுதிக்குப் பிறகு மத்தியானத்தில் கரையில் நடக்க முடியாது.

நண்டை ஊருக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் உயிரோடு கொண்டுபோக முயலாதீர்கள். நீல நண்டு சேற்று நண்டைப்போல அல்ல. தண்ணீரை விட்டால் அதிக நேரம் தாங்காது, செத்த கொஞ்ச நேரத்தில் சதை கரையத் தொடங்கும். சந்தையிலேயே ஓடு கழற்றிக் கழுவித் தரச் சொல்லுங்கள். பொலித்தீன் பையில் கட்டி, ரெஜிபோம் பெட்டிக்குள் அடியிலும் மேலிலும் உடைத்த ஐஸ் போட்டு அடைத்தால் இரவு பஸ்ஸில் கொழும்பு வரை தாங்கும். ஐஸ் உருகும் தண்ணீரில் நண்டு மிதக்கக் கூடாது என்பதால் பெட்டியின் அடியில் ஒரு சின்ன ஓட்டை. அந்த ஓட்டைக்குக் கீழே ஒரு சாக்கு விரிக்க மறந்தால், வவுனியா தாண்டுமுன்னரே நடத்துனர் உங்களைத் தேடிக்கொண்டு வருவார்.